மாற்றுத்திறனாளிகள் இல்லத்துக்குப் பணம் கொடுக்கும் முன், பிள்ளையை அங்கே சேர்க்கும் முன் என்னென்ன கேட்க வேண்டும்

தீபாவளி நெருங்கினால் நம் வாட்சப் குழுக்களில் இந்தக் கேள்வி தவறாமல் வரும்: "எந்த ஹோமுக்குக் கொடுத்தால் காசு உண்மையிலேயே அங்கே இருப்பவர்களுக்குப் போகும்?" அப்பா அம்மா நினைவு நாளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போட நினைப்பவர்கள் கேட்கிறார்கள், கம்பெனி சார்பில் சக்கர நாற்காலி வாங்கித் தர நினைப்பவர்கள் கேட்கிறார்கள். எல்லாரையும் விட அதிகக் கவலையோடு கேட்பவர்கள், தங்களுக்குப் பிறகு மகனையோ மகளையோ யார் பார்த்துக்கொள்வார்கள் என்று தூக்கம் தொலைத்த பெற்றோர். யாராவது இரண்டு பெயரைச் சொல்வார்கள், இன்னொருவர் "எல்லாம் காசு பார்க்கிற கூட்டம்" என்பார், அதோடு பேச்சு நின்றுவிடும். அதனால் யாருக்கும் பயனில்லை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருக்கும் நம்மவர்கள் தாங்களாகவே ஓர் அமைப்பைச் சோதித்துப் பார்க்க முடியும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான இல்லங்கள் சங்கமாகவோ உத்தரவாத நிறுவனமாகவோ (பங்குகள் இல்லாமல் உறுப்பினர்களின் உத்தரவாதத்தில் நடக்கும் நிறுவனம்) பதிவானவை, உத்தரவாத நிறுவனம் தன் உறுப்பினர்களுக்கு லாப ஈவு கொடுக்கவே சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே லாபத்தை மட்டும் தேடிப் போனால் கையில் ஒன்றும் சிக்காது. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. அந்த இல்லத்தில் இருக்கும் ஒருவருக்கு நாளைக்கே வெளியில் ஒரு வேலை கிடைத்து, வாடகைக்கு அறை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினால், அந்த அமைப்புக்கு அது மகிழ்ச்சியா, வருமான இழப்பா? தலைக்கு இவ்வளவு என்று கட்டணம், தலைக்கு இவ்வளவு என்று உதவித்தொகை, நிறைய ஆட்கள் இருந்தால்தான் நன்கொடையாளர் மனம் இளகும் என்ற நிலைமை, இவை மூன்றும் சேர்ந்துவிட்டால் நிர்வாகிகள் நல்லவர்களாக இருந்தாலும்கூட ஆள் குறையாமல் பார்த்துக்கொள்ளும் பழக்கம் தானாக வந்துவிடும். இந்த ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கேளுங்கள்.

காகிதங்கள்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம், வீட்டிலிருந்தே செய்யக்கூடியதுதான். 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவான அமைப்பென்றால் சங்கப் பதிவு இலாகாவின் ஈரோசஸ் இணையப் பக்கத்தில் பெயரைத் தேடலாம். அப்படிப்பட்ட சங்கம் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் கணக்கோடு ஆண்டறிக்கையைப் பதிவு இலாகாவிடம் கொடுக்க வேண்டும். நிறுவனமாகப் பதிவானது என்றால் எஸ்எஸ்எம் எனப்படும் நிறுவன ஆணையத்திடம் சிறு கட்டணம் கட்டி இயக்குநர்கள் யார், கணக்கு என்ன என்று எவரும் வாங்கிப் பார்க்கலாம். நான் முதலில் பார்ப்பது இயக்குநர் பெயர்களைத்தான். கணவன், மனைவி, மகன், மருமகள் என்று ஒரே வீட்டு ஆட்களாக இருந்தால் உடனே தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அங்கே யார் யாரைக் கேள்வி கேட்பார்கள் என்று நாம் கேட்டாக வேண்டும்.

தங்கிப் பராமரிக்கப்படுபவர்கள் 4 பேரோ அதற்கு மேலோ இருக்கும் எந்த இல்லமும் 1993-ஆம் ஆண்டு பராமரிப்பு மையங்கள் சட்டத்தின் கீழ் சமூகநல இலாகாவில், அதாவது நாம் ஜேகேஎம் என்று சொல்லும் இடத்தில், பதிந்திருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்துவது குற்றம். அந்தச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கிறார்களா, தேதி காலாவதியாகவில்லையா, அதில் எழுதியிருக்கும் முகவரி நீங்கள் நிற்கும் அதே முகவரிதானா என்று பாருங்கள். ஒரு கிளைக்கு வாங்கிய சான்றிதழைக் காட்டி இன்னொரு வீட்டிலும் ஆட்களைச் சேர்த்து வைத்திருந்தால் அந்த இரண்டாவது வீட்டைப் பார்க்க அதிகாரி யாரும் வரமாட்டார்.

வரிவிலக்கு பற்றிப் பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. 1967 வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால் உங்கள் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம், எல்எச்டிஎன் எனப்படும் வருமான வரி வாரியத்தின் இணையப் பக்கத்தில் பட்டியல் இருக்கிறது, ரசீதில் அங்கீகார எண் இருக்க வேண்டும். இதெல்லாம் சரி. அந்த அங்கீகாரம் பண வரவு செலவைப் பற்றியது. உள்ளே ஒருவரை எப்படி நடத்துகிறார்கள் என்று அந்த எண் சொல்லாது. அதே மாதிரி, அந்த எண் இல்லாத சின்ன இல்லம் மோசமானது என்றும் ஆகாது. விண்ணப்பம் செய்யத் தெரிந்த ஆள் இல்லாமல்தான் பல நல்ல சின்ன இடங்கள் அதை வாங்காமல் இருக்கின்றன.

கணக்கைப் படிப்பது

ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். கேட்கும்போது வரும் பதிலே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். "வாருங்கள், உட்காருங்கள், என்ன சந்தேகம்?" என்று எடுத்துப் போடுகிற இடம் உண்டு, "நம்பிக்கை இல்லாவிட்டால் கொடுக்க வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிற இடமும் உண்டு. இரண்டாவது இடத்தில் மேற்கொண்டு நேரம் செலவழிக்காதீர்கள்.

கணக்கு கையில் வந்ததும் நம்மவர்கள் முதலில் நிர்வாகச் செலவு எவ்வளவு என்று தேடி, அது குறைவாக இருந்தால் நல்ல அமைப்பு என்று முடிவு கட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க ஆள் வேண்டும், இரவிலும் வேண்டும், அந்த ஆளுக்கு ஒழுங்கான சம்பளம் வேண்டும். சம்பளச் செலவு மிகக் குறைவாக இருக்கும் இல்லத்தில் ஒரே ஒரு பராமரிப்பாளர் இருபது பேரைப் பார்த்துக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பார், அல்லது கொஞ்சம் நடக்க முடிந்தவர்களை வைத்தே நடக்க முடியாதவர்களைக் கவனிக்கச் செய்வார்கள். சம்பளம் கூடுதலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது யாருக்குப் போகிறது என்று பாருங்கள். குளிப்பாட்டுகிறவருக்கா, அலுவலக அறையில் இருப்பவருக்கா?

அப்புறம் வாடகை. இல்லம் இயங்கும் கட்டடம் யாருடையது? தலைவரின் சொந்தக் கட்டடத்துக்கே இல்லம் வாடகை கட்டிக்கொண்டிருந்தால் அந்த வாடகை அந்த வட்டாரத்து விலையா என்று விசாரியுங்கள். நன்கொடையில் வாங்கிய வேன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். வங்கியில் நிரந்தர வைப்புத் தொகை இருப்பது தப்பில்லை, ஆறு மாதம் நன்கொடை வராவிட்டாலும் சோறு போட வேண்டும் அல்லவா? ஆனால் பல ஆண்டுச் செலவுக்கான பணம் வங்கியில் இருக்க, உள்ளே மூன்று பேர் ஒரு சக்கர நாற்காலியை மாற்றி மாற்றி உபயோகிக்கிறார்கள் என்றால், அந்தப் பணம் எதற்காகக் காத்திருக்கிறது என்று கேளுங்கள். புதுக் கட்டடத்துக்கு என்று பதில் வந்தால், அந்தக் கட்டடம் வேண்டும் என்று கேட்டது அங்கே வாழ்பவர்களா, குழுவில் இருப்பவர்களா என்று அடுத்துக் கேளுங்கள்.

நிதி திரட்டும் செலவைத் தனியாகப் பாருங்கள். விருந்து நடத்திப் பத்தாயிரம் ரிங்கிட் வசூலித்து அதில் எட்டாயிரம் மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் போயிருந்தால் அதைக் கணக்கு மறைக்காது, ஆனால் நோட்டீஸ் மறைத்துவிடும்.

அவர்களுடைய சொந்தப் பணம்

இந்த விஷயத்தைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. ஆனால் என்னைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது.

ஓகேயு அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி என்று பதிந்ததற்கான அட்டை, உள்ளவர்களுக்கு ஜேகேஎம் மூலம் மாத உதவிகள் உண்டு. 2021 வரவு செலவுத் திட்டத்தில் வேலை செய்யும் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை 450 ரிங்கிட்டாகவும், வேலை செய்ய இயலாதவர்களுக்கானது 300 ரிங்கிட்டாகவும், படுக்கையில் இருப்பவர்களைப் பராமரிப்போருக்கானது 500 ரிங்கிட்டாகவும் உயர்த்தப்பட்டன. யாருக்கு எது கிடைக்கும் என்பதற்குத் தனித்தனி நிபந்தனைகள் இருக்கின்றன, தொகையும் மாறலாம், அதனால் உங்கள் மாவட்ட ஜேகேஎம் அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிக்கென்று வரும் பணம் அந்த மனிதருடையது, இல்லத்தின் வருமானம் கிடையாது.

ஆகவே இதைக் கேளுங்கள்: வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது, ஏடிஎம் அட்டையை யார் வைத்திருக்கிறார்கள், பணம் எடுத்தால் எங்கே எழுதி வைக்கிறார்கள், அந்தப் புத்தகத்தை அவரும் குடும்பமும் பார்க்க முடியுமா? எல்லாருடைய அட்டையும் ஒரே உறையில் அலுவலக மேசை இழுப்பறையில் இருந்தால் அது பாதுகாப்புக்குத்தான் என்று சொல்வார்கள். சில பேருக்கு உண்மையிலேயே பணம் எண்ணத் தெரியாது, உதவி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம், ஒவ்வொரு செலவுக்கும் ரசீது, மாதம் ஒரு தடவை இரண்டாவது ஆள் சரிபார்ப்பது, இவ்வளவும் இருக்க வேண்டும். அவருக்கு என்று கையில் கொஞ்சம் காசு இருக்க வேண்டும். கடைக்குப் போய்த் தனக்குப் பிடித்த சோப்பை, ஒரு பாக்கெட் முறுக்கைத் தானே வாங்கிக்கொள்ள முடியாத நாற்பது வயது மனிதரை எந்த இல்லமும் நன்றாகப் பராமரிக்கிறது என்று நான் சொல்லமாட்டேன்.

பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் இதைத் தேடுங்கள்: உதவித்தொகை முழுவதையும் இல்லத்துக்குத் தர வேண்டும் என்று இருக்கிறதா, வீட்டையோ சேமிப்பையோ எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்களா, பிடிக்காமல் வெளியே கூட்டிக்கொண்டு போனால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா? சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு "கடைசி வரை பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்பவரிடம் வழக்கறிஞர் இல்லாமல் ஒரு வார்த்தையும் பேசாதீர்கள்.

பட்டறையும் பயிற்சியும்

பல மையங்களில் பொருட்களைப் பொட்டலம் போடுவது, மெழுகுவத்தி, பிஸ்கட், கைவினைப் பொருள் செய்வது போன்ற வேலைகள் நடக்கும். என் தம்பி பினாங்கில் அப்படி ஒரு மையத்தில் ஆண்டுக்கணக்கில் பிளாஸ்டிக் கரண்டி எண்ணிப் பையில் போட்டான். தொழிற்சாலை மையத்துக்குப் பணம் கொடுத்தது, மையம் அவனுக்கு மாதம் ஒரு சிறு தொகை கொடுத்தது. கேட்டால், அவன் இன்னும் பயிற்சியில் இருக்கிறான் என்றார்கள். கரண்டி எண்ண ஒருவனுக்கு எத்தனை வருடம் பயிற்சி வேண்டும்?

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் 14(சி) பிரிவு, அனுமதி வாங்கிய அமைப்புகள் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கும் கீழே கொடுக்க இடம் தந்தது. அந்த அனுமதியைப் பெரிதும் பயன்படுத்தியவை தொண்டு அமைப்புகள் நடத்திய பட்டறைகள்தான், அதை எதிர்த்து அங்கே மாற்றுத்திறனாளிகள் நெடுங்காலமாகப் போராடி வருகிறார்கள். இங்கே 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. பட்டறையில் தரப்படுவது சம்பளமாக இல்லாமல் பயிற்சி உதவித்தொகையாக இருக்கும்வரை அந்த எண் உள்ளே நுழைவதில்லை. ஜேகேஎம்மின் சமூக மறுவாழ்வு மையங்களிலும், பிடிகே என்கிறோமே அவற்றிலும், பயிற்சியாளருக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை உண்டு. ஆனால் அது வெளிப்படையாக உதவித்தொகை என்றே கொடுக்கப்படுகிறது, அவர்கள் உழைப்பை விற்று வந்த பணத்திலிருந்து பிய்த்துக் கொடுப்பது இல்லை.

ஆகவே பட்டறை இருக்கும் இடத்தில் கேளுங்கள்: இந்தப் பொருளை விற்று வரும் பணம் எவ்வளவு, செய்தவருக்கு எவ்வளவு, பயிற்சி எப்போது முடியும், கடந்த சில வருடங்களில் எத்தனை பேர் வெளியே வேலைக்குப் போனார்கள், போனவர்களில் யாரிடமாவது பேச முடியுமா? கடைசிக் கேள்விதான் முக்கியம். நல்ல மையத்தில் உடனே பெயர் சொல்வார்கள், "அவர் இப்போது சூப்பர் மார்க்கெட்டில் இருக்கிறார், போன மாதம்கூட வந்தார்" என்பார்கள், முகத்தில் பெருமை தெரியும். இன்னொரு வகை மையத்தில், யாரும் வெளியே போனதே இல்லை என்பதையே "இவர்களுக்கு எங்களை விட்டால் யாருமில்லை" என்று உருக்கமாகச் சொல்வார்கள்.

மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்

நிர்வாகக் குழுவில் எத்தனை பேரிடம் ஓகேயு அட்டை இருக்கிறது? புகைப்படத்துக்கு ஒருவரை உட்கார வைத்திருக்கிறார்களா, அவருக்கு வாக்குரிமை இருக்கிறதா, காசோலையில் அவர் கையெழுத்து உண்டா? மலேசியா 2010-இல் ஏற்றுக்கொண்ட ஐநா மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தம், அவர்களைப் பற்றிய முடிவுகளில் அவர்களையே, அவர்களுடைய சொந்த அமைப்புகள் மூலமாகக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. எங்கே, யாரோடு வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அதன் 19-ஆவது பிரிவு. நம்முடைய 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மீறினால் தண்டனை என்று எதுவும் இல்லாததால், இந்த உரிமைகளை நன்கொடையாளரும் குடும்பமும் கேட்டு வாங்கினால்தான் உண்டு.

இது எவ்வளவு பழைய சண்டை என்று தெரிந்துகொள்வது நல்லது. இங்கிலாந்தில் லெனார்ட் செஷயர் 1948-இல் லே கோர்ட் என்ற தன் வீட்டில் நோயாளி ஒருவரை வைத்துப் பார்த்ததில்தான் மாற்றுத்திறனாளிகளுக்கான செஷயர் இல்லங்களே பிறந்தன. அதே லே கோர்ட்டில் 1960-களில் பால் ஹன்ட்டும் அவரோடு தங்கியிருந்தவர்களும், எப்போது படுப்பது, எப்போது வெளியே போவது என்பதைத் தாங்களே முடிவு செய்ய வேண்டும், நிர்வாகத்தில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்று போராடினார்கள். 1972-இல் ஹன்ட் ஒரு நாளிதழுக்கு எழுதிய கடிதத்திலிருந்து ஓர் இயக்கமே தொடங்கியது. மாற்றுத்திறனாளிகளை முடக்குவது அவர்கள் உடம்பு இல்லை, சமூகம் போடும் தடைகள்தான் என்ற சிந்தனை அங்கிருந்துதான் உலகமெங்கும் பரவியது. இவ்வளவையும் ஆரம்பித்தவர்கள் ஒரு நல்ல நோக்கமுள்ள இல்லத்தில், அக்கறையோடு கவனிக்கப்பட்டவர்கள். கவனிப்பு மட்டும் போதாது என்று அவர்களே சொன்னார்கள்.

இங்கேயும் அவர்களே நடத்தும் அமைப்புகள் இருக்கின்றன. பிரிக்பீல்ட்ஸில் 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தை எல்லாருக்கும் தெரியும். பார்வையற்றவர்கள் தாங்களே உறுப்பினராகவும் தலைவராகவும் இருந்து நடத்தும் சங்கமும் அங்கேயே இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கற்றல் குறைபாடு உள்ளவர்களே குழுவில் இருந்து நடத்தும் யுனைடெட் வாய்ஸ் இருக்கிறது. "அறிவு வளர்ச்சி குறைந்தவர்களால் கூட்டம் நடத்த முடியுமா?" என்று யாராவது கேட்டால் அதைக் காட்டுங்கள். நீங்கள் போகும் இல்லத்தில் தங்கியிருப்பவர்கள் கூட்டம் போடுகிறார்களா, அதில் அவர்கள் கேட்டதில் எது நிறைவேறியது என்று கேளுங்கள்.

நேரில் போவது

தீபாவளி வாரம் போகாதீர்கள். அந்த வாரம் எல்லா இல்லத்திலும் முறுக்கும் பழமும் நிறைந்திருக்கும், பிள்ளைகள் புதுச் சட்டையில் பாட்டுப் பாடுவார்கள், ஒரே நாளில் மூன்று குழு வந்து மூன்று மதியச் சாப்பாடு போடும். சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்குப் போங்கள், முடிந்தால் இரண்டு தடவை. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவது மரியாதை, அது அவர்கள் வீடு. ஆனால் சொல்லிவிட்டுப் போனாலும் தொலைக்காட்சி முன்னால் வரிசையாக உட்கார வைத்திருப்பது தெரியும், மாலை ஐந்து மணிக்கே இரவுச் சாப்பாடு முடிந்து ஆறு மணிக்குப் படுக்க வைப்பது தெரியும், கழிவறைக்குக் கதவு இருக்கிறதா என்பது தெரியும்.

பொறுப்பாளரிடம் பேசி முடித்துவிட்டுத் தங்கியிருப்பவரிடம் தனியாகப் பேசுங்கள். பேச்சு வராதவர் என்றால் அவர் எப்படித் தொடர்பு கொள்கிறார் என்று பராமரிப்பாளரிடம் கேளுங்கள், அதற்குப் பதில் தெரியாத இடத்தில் அவரோடு யாரும் பேசுவதில்லை என்றுதான் அர்த்தம். கேட்க வேண்டியவை சின்னச் சின்னக் கேள்விகள். நீங்கள் எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள், யார் சொல்லி? இன்றைக்கு இந்தச் சட்டையை எடுத்தது யார்? போன் இருக்கிறதா? அண்ணனிடம் பேச வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்? வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக முடியுமா?

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. அங்கே தமிழ் பேசுகிற பராமரிப்பாளர் ஒருவராவது இருக்கிறாரா? வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த, மூன்று நான்கு வார்த்தை மட்டும் பேசத் தெரிந்த ஒரு பெண்ணை, யாருக்கும் தமிழ் தெரியாத இடத்தில் விட்டால் அவள் "தண்ணி" என்று சொல்வதுகூடப் போய்ச் சேராது. பிறகு அவள் முரண்டு பிடிக்கிறாள் என்று அறிக்கை வரும். வெள்ளிக்கிழமை சைவம் என்றால் அதையும் முதல் நாளே எழுதிக் கொடுங்கள், கடைப்பிடிக்கிறார்களா என்று பாருங்கள்.

படம் எடுக்க வேண்டாம். அவர்களே எடுத்துப் போடும் படங்களைப் பாருங்கள்: முகநூலில் ஒவ்வொரு படமும் நன்கொடையாளர் கையில் பெரிய காசோலை, முன்னால் சக்கர நாற்காலியில் பெயரில்லாத ஒரு பிள்ளை என்று இருக்கிறதா, அல்லது அந்தப் பிள்ளை ஏதாவது செய்துகொண்டிருக்கும் படமும் உண்டா? அழுகிற முகத்தைக் காட்டினால் காசு வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். 1990-லும் 1992-லும் லண்டனில் மாற்றுத்திறனாளிகள் தங்களுக்காகப் பணம் திரட்டிய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு எதிராகவே அந்த நிலைய வாசலில் திரண்டார்கள். எங்களுக்கு வேண்டியது உரிமை, உங்கள் பரிதாபம் வேண்டாம் என்பதுதான் அவர்கள் கோரிக்கை.

தெருவில் கேட்பவர்கள், தெரப்பி மையங்கள்

மாமாக் கடையில் சாப்பிடும்போது சாவிக்கொத்தோ டிஷ்யூவோ மேசையில் வைத்து, ஓர் இல்லத்தின் அட்டையைக் காட்டுபவர்கள் வருவார்கள், தைப்பூசத்தில் பத்துமலையிலும் தண்ணீர்மலைப் பாதையிலும் உண்டியல் நீட்டுபவர்கள் இருப்பார்கள். வீடு வீடாகவும் தெருவிலும் வசூல் செய்ய 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் அனுமதி வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள், தேதியும் இடமும் பாருங்கள். "இதில் உங்களுக்கு எவ்வளவு, இல்லத்துக்கு எவ்வளவு?" என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பே இல்லை. டூயிட்நவ் க்யூஆர் காட்டினால் ஸ்கேன் செய்ததும் வரும் பெயர் அமைப்பின் பெயரா என்று பாருங்கள், தனிமனிதர் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். பிரிக்பீல்ட்ஸில் தனக்காகத் தானே டிஷ்யூ விற்கும் பார்வையற்றவரை இதோடு சேர்க்காதீர்கள், அவர் தொழில் செய்கிறார், விலை கொடுத்து வாங்குங்கள்.

ஆட்டிசம், பேச்சுத் தாமதம் என்று சிறு பிள்ளைகளுக்கு உதவும் மையங்களில் பல தனியார் கம்பெனிகள். கட்டணம் வாங்குவது அவர்கள் உரிமை, அதை மறைத்துத் தொண்டு அமைப்பு போலப் பேசி நன்கொடையும் கேட்டால்தான் பிரச்சினை. பெயருக்குப் பின்னால் செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனம், என்று இருக்கிறதா என்று ரசீதில் பாருங்கள். பேச்சுப் பயிற்சியாளர், ஆக்குபேஷனல் தெரப்பிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குபவர்) போன்றோர் 2016-ஆம் ஆண்டு துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேளுங்கள். மூன்று மாதத்தில் பிள்ளை என்ன செய்யப் பழகுவான் என்று எழுத்தில் வாங்குங்கள். வாரத்துக்கு நாற்பது மணி நேரம், ஒரு வருடக் கட்டணம் முன்கூட்டி, இல்லாவிட்டால் பிள்ளையின் எதிர்காலம் போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் காத்திருக்க வேண்டும்தான், ஆனால் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருங்கள், பக்கத்தில் பிடிகே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவு கேட்ட பிறகு ஓர் இடம் பிடித்திருந்தால், சாப்பாட்டுக்குப் பதிலாக மாதாமாதம் வங்கியிலிருந்து தானாகப் போகிற மாதிரி ஒரு சிறு தொகை வையுங்கள். ஐம்பது ரிங்கிட் என்றாலும் ஜூலையிலும் வரும் ஐம்பது ரிங்கிட். பெரியவர்களுக்கான பேம்பர்ஸ், மருத்துவமனைக்குப் போக வண்டிச் செலவு, இரவுப் பராமரிப்பாளர் சம்பளம், இவற்றுக்குத்தான் உண்மையில் தட்டுப்பாடு. அரிசி மூட்டை ஏற்கெனவே இருக்கும்.

தவறு தெரிந்தால்

அடித்த காயம், கட்டிப்போட்ட தழும்பு, பூட்டிய அறை, பாலியல் தொல்லை என்று எதையாவது கண்டால் அன்றைக்கே போலீசில் புகார் செய்யுங்கள், தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசியின் 15999 எண்ணுக்கும் அழையுங்கள், அது 24 மணி நேரமும் இயங்குகிறது. பதிவில்லாத இல்லம், ஆள் நெரிசல், பராமரிப்புக் குறை என்றால் மாவட்ட ஜேகேஎம் அலுவலகத்துக்கு எழுதுங்கள், அவர்களுக்கு உள்ளே வந்து சோதிக்க அதிகாரம் இருக்கிறது. பணக் கணக்கு என்றால் சங்கத்துக்குப் பதிவு இலாகா, நிறுவனத்துக்கு எஸ்எஸ்எம், வரிவிலக்கு ரசீதில் சந்தேகம் என்றால் எல்எச்டிஎன்.

முகநூலில் போடுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: இன்று ராத்திரியும் அவர்கள் அதே இல்லத்தில்தான் தூங்க வேண்டும், யார் சொன்னது என்று நிர்வாகம் தேடும்போது பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். பாதிக்கப்பட்டவர் என்ன விரும்புகிறார் என்று முதலில் அவரிடமே கேளுங்கள், மாற்று இடம் வேண்டுமா என்று கேளுங்கள். கடிதத்தில் தேதி, நேரம், கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள், ஊகத்தைச் சேர்க்காதீர்கள், ரசீதுகளின் நகலை இணையுங்கள். கொடுத்ததற்கு அடையாளமாக அலுவலக முத்திரை போட்ட ஒரு பிரதியைக் கையில் வாங்கி வையுங்கள், இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் அந்தப் பிரதியோடு உங்கள் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கும், கோலாலம்பூரில் இருப்பவர்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கும் போங்கள்.